விமர்சனம் எழுதி வயிறு வளர்க்க முடியுமா, அதுவும் இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு?

கொட்டகலைக்காரி:

நேராகவே கேட்டுவிடுகிறேன். நாடகம், கூத்து, படம், ஓவியக் கண்காட்சி, புத்தகம் என்று எதைப் பார்த்தாலும் படித்தாலும் அதைப் பற்றி எழுதாமல் எனக்கு இருக்க முடியாது. ஏ.எல்லில் நாடகமும் அரங்கியலும் எடுத்தேன், கெம்பஸிலும் அதே வழிதான். இப்போது ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், இரவில் பேஸ்புக்கில் விமர்சனம் எழுதுகிறேன். வீட்டில் டீச்சிங்குக்கு எப்ளிகேஷன் போடு என்று ஒரே பாட்டு. இதைத் தொழிலாகவே செய்ய வழி இருக்கிறதா? சம்பளம் தருகிற பத்திரிகை ஏதாவது மிச்சம் இருக்கிறதா, யூடியூப் தொடங்கணுமா, கொழும்புக்குப் போய்த்தான் ஆகணுமா? தயவுசெய்து "கனவை விடாதே, எல்லாம் சரியாகும்" என்று யாரும் எழுத வேண்டாம். அந்த வசனத்தை இங்கே எல்லா டியூட்டரிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

சாயத்தண்ணி:

டீச்சிங்குக்கு எப்ளிகேஷன் போடு தங்கச்சி.

பழைய சப் எடிட்டர்:

சாயத்தண்ணி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, மீதியை நான் சொல்கிறேன். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையில் இருந்தவன், பேரெல்லாம் வேண்டாம்.

"அந்தக் காலத்தில் விமர்சகருக்கு வேலை இருந்தது, இன்றைக்கு இல்லை" என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் ஒப்பாரி நமக்குப் பொருந்தாது. நான் இருந்த இடத்தில் விமர்சகருக்கென்று ஒரு கதிரை இருந்ததே இல்லை. வாரமலர்ப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். கதை தெரிவு செய்வதும் அவர்தான், சினிமாப் பக்கம் போடுவதும் அவர்தான், ராசிபலனுக்கு புரூப் பார்ப்பதும் அவர்தான். விமர்சனம் வெளியிலிருந்து தபாலில் வரும், எழுதியவருக்கு ஒரு சதமும் போகாது. பேர் அச்சில் வந்ததே கூலி.

பெரிய பேர்களை எடுத்துப் பாருங்கள். கைலாசபதி 1950களின் கடைசியில் கொழும்புத் தினகரன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து நம் ஆட்கள் உட்பட எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்தார், ஆனால் விமர்சகராக அவர் நிலைத்தது பல்கலைக்கழகச் சம்பளத்தில். கே.எஸ். சிவகுமாரன் 2022இல் காலமாகும் வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் படம், நாடகம், புத்தகம் என்று எழுதிக்கொண்டே இருந்தார், அவருக்குச் சோறு போட்டது வானொலி, பத்திரிகை மேசை, வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை. மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதிய தெளிவத்தை ஜோசப் பார்த்ததும் உங்களைப் போலக் கணக்கு வேலைதான். ஞானம் இதழைத் தொடங்கிய ஞானசேகரன் தோட்டத்து வைத்தியராக இருந்தவர். அந்தப் பக்கம் இந்தியாவில், வித்துவான்கள் பார்த்து நடுங்கிய இசை விமர்சகர் சுப்புடு டெல்லியில் மத்திய அரசு உத்தியோகத்தர். பகலில் கணக்கு, இரவில் விமர்சனம் என்கிற வரிசையில் நீங்கள் புதிதாக வந்து நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

மாறியது என்னவென்றால் பக்கம். 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் இல்லாமல் ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. தாள் குறைந்தால் முதலில் கத்தி விழுவது விளம்பரம் வராத பக்கத்தில், அது எப்போதும் நம்முடைய பக்கம்தான். முன்பு காசு இல்லாவிட்டாலும் இடம் இருந்தது. இப்போது இடமும் இல்லை, அதற்குப் பதில் எல்லார் கையிலும் ஒரு போன் இருக்கிறது.

டொரொன்டோ குளிர்:

ஒப்பாரியை எங்கள் பக்கம் விட்டுவிடுங்கள் ஐயா, இங்கே நிஜமாகவே இழவு விழுந்திருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் 2025 செப்டம்பரோடு புத்தக விமர்சனத்தை நிறுத்தியது. அதே ஆண்டு சிகாகோ ட்ரிபியூன் தன் சினிமா விமர்சகர் பதவியை ஒழித்தது, நியூயோர்க் டைம்ஸ் நாடகம், இசை, டிவி எழுதிய நான்கு விமர்சகர்களை வேறு வேலைக்கு மாற்றியது, எழுத்தோடு வீடியோவும் வேறு வடிவங்களும் வேண்டுமாம். 2024இல் லண்டன் ஸ்டாண்டர்ட் செய்ததுதான் உச்சம். நாளிதழாக இருந்ததை வார இதழாக்கிவிட்டு, முதல் இதழிலேயே 2015இல் இறந்துபோன பிரையன் செவெல் என்ற ஓவிய விமர்சகரின் பாணியில் ஏஐயைக் கொண்டு வான்கோ கண்காட்சிக்கு விமர்சனம் எழுத வைத்தார்கள். செத்தவனுக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை பாருங்கள்.

தங்கச்சி, சம்பளம் தரும் பத்திரிகை என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். லண்டனில் கிடைக்காதது ஹட்டனில் கிடைக்காது.

பதுளை ரீல்ஸ்:

யூடியூப் பற்றி நான் சொல்கிறேன், மூன்று பேர் சேர்ந்து பட விமர்சன சேனல் நடத்துகிறோம்.

நீள வீடியோவுக்கு விளம்பரக் காசு வரத் தொடங்க ஆயிரம் சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இதைத் தாண்டியதும் பணம் கொட்டும் என்று நினைக்காதீங்க, கூகுளின் அட்சென்ஸ் 100 டொலர் சேர்ந்தால்தான் பேங்குக்கே அனுப்பும், சின்னச் சேனலுக்கு அந்த நூறு சேருவதற்குள் இன்னொரு தீபாவளி வந்துவிடும். படத்தின் கிளிப்பைப் போட்டால் கொப்பிரைட் கிளெய்ம் வந்து அந்த வீடியோவின் காசு படக்காரனுக்குப் போகும். அதனால் எல்லாரும் போஸ்டரைப் பின்னால் வைத்துக்கொண்டு முகத்தைக் காட்டிக் கத்துகிறோம், வேறு காரணம் கிடையாது.

இன்னொன்று, முதல் நாள் முதல் காட்சிதான் வியூஸ். மூன்றாம் நாள் ஆழமாகப் பேசினால் கேட்க ஆளில்லை. தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று 2024இல் கோர்ட்டுக்குப் போனது தெரியும்தானே, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளுக்குத்தான் மொத்தச் சண்டையும் என்பது அதிலேயே தெரிகிறது.

முக்கியமான விஷயம்: தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்து பற்றி ஒரு வீடியோ போட்டோம், படுத்துவிட்டது. விஜய் படம் போட்டால் ஓடும். அல்கோரிதத்துக்கு மலையகம் என்று ஒன்று தெரியாது.

கொட்டகலைக்காரி:

சப்ஸ்டாக் மாதிரி வாசகரே காசு கட்டுகிற முறை?

பதுளை ரீல்ஸ்:

அதில் கட்டணம் எல்லாம் ஸ்ட்ரைப் என்ற ஒன்லைன் கட்டணச் சேவை வழியாக. இலங்கைக்கு நேரடியாக ஸ்ட்ரைப் இல்லை. வெளிநாட்டில் யாராவது சொந்தக்காரர் பேரில் திறந்தால் உண்டு, அப்புறம் காசு அவர் கையில், கேட்டு வாங்குகிற வெட்கம் உங்கள் கையில்.

காமன்பொட்டல்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். காமன் கூத்து வீடியோ படுத்துவிட்டது என்கிறார் தம்பி. அந்த வீடியோவை நான் பார்த்தேன். காமன் எரிக்கிற ராத்திரி மட்டும் வந்து நெருப்பை எடுத்து, கீழே "அழிந்துவரும் தொன்மையான கலை" என்று போட்டால் படுக்காமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, நான் எல்லாரும் ஆடியவர்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றினால் பௌர்ணமி வரைக்கும் நடக்கிற காரியம் அது. வருகிற எழுத்துக்காரர் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மதன் எரிந்தான், ரதி அழுதாள் என்று. அடேய், அது எங்கள் தோட்ட டிவிஷனில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இந்த வருஷம் ரதி வேஷம் கட்டிய பையன் ஒப்பாரியைப் போன வருஷத்துக்காரனை விட இழுத்துப் பாடினான், அதனால் தப்பு மேளக்காரர் அடியைக் குறைக்க வேண்டி வந்தது, ஆட்டம் தொய்ந்துவிட்டது. இதை யார் எழுதினார்? எங்கள் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டதால் தப்படிக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூப்பிட்டோம், அவர்கள் அடி வேறு, எங்கள் கால் வேறு. அதை யாராவது பார்த்தார்களா? அழிகிறது, அழிகிறது என்று முப்பது வருஷமாக எழுதுகிறார்கள், நல்லா இருந்ததா இல்லையா என்று ஒருத்தன் எழுதவில்லை.

பழைய சப் எடிட்டர்:

காமன்பொட்டல் எழுதியதுதான் இந்த இழையில் வந்த முதல் விமர்சனம். நான் கேலி செய்யவில்லை.

கொட்டகலைக்காரி, இதைக் கவனியுங்கள். விஜய் படத்துக்கு உங்கள் கருத்து உலகத்துக்குத் தேவையில்லை, அதைச் சொல்ல சென்னையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரதியின் பாட்டு எங்கே இழுபட்டது, தப்பு எங்கே விட்டுக்கொடுத்தது என்று எழுத நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றையும் ஒரே ஆள் பல தோட்டங்களில் பார்த்து ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தால், எங்காவது ஒரு பல்கலைக்கழகமோ விழாக்காரரோ ஆவணப்படக்காரரோ அந்த ஆளைத் தேடித்தான் வர வேண்டும். காசு வியூஸில் வராது, அந்த வழியில் வரும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

சாயத்தண்ணி:

கூத்தைப் பற்றி உண்மையை எழுதினால் கூத்துக்காரர் உதைப்பார். புத்தகத்தைப் பற்றி எழுதினால் எழுத்தாளர் பேச மாட்டார். நம்முடையது சின்ன ஊர்.

நானுஓயா டீச்சர்:

சாயத்தண்ணி சொன்னதைச் சும்மா தாண்டிப் போக வேண்டாம், அதுதான் பெரிய தடை. நம் பக்கத்தில் ஒரு நூல் வெளியீடு எப்படி நடக்கும்? மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை இரண்டு மூன்று, ஒரு வர்த்தகப் பிரமுகர் முதற்பிரதி வாங்குவார், பொன்னாடை, அப்புறம் "ஆய்வுரை". அந்த ஆய்வுரை செய்பவருக்குப் புத்தகம் முதல் நாள் மாலைதான் கையில் கிடைத்திருக்கும். அவரும் எழுத்தாளரும் ஒரே ஸ்டாப் ரூமில் இருப்பவர்கள். அடுத்த மாதம் இவர் புத்தகத்துக்கு அவர் ஆய்வுரை. அதைத் தட்டச்சுச் செய்து அனுப்பினால் பத்திரிகையில் விமர்சனம் என்று வரும். நாங்கள் இதற்கு மொய் என்று பேர் வைத்திருக்கிறோம். வைத்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்காவிட்டால் கோபம் வரும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 25 வயதுப் பெண்பிள்ளை எழுந்து "இரண்டாம் பாகம் சரியில்லை" என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? "யாருடைய பிள்ளை இது?" என்று கேட்பார்கள். புத்தகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

கொட்டகலைக்காரி:

அந்தக் கேள்வியை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் டீச்சர்! சரி, நான் எழுதுவது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு பாடசாலை நாடகத்துக்குப் போட்டது, பாடசாலை பேரை எடுத்துவிட்டேன்:

"மலையகப் பெண்களின் துயரத்தைக் கண்முன் நிறுத்திய இந்நாடகம் பார்வையாளர்களின் கண்களைக் குளமாக்கியது. நடிகர்கள் தத்தமது பாத்திரங்களை உணர்ந்து நடித்திருந்தனர். ஒளியும் இசையும் நாடகத்துக்கு வலுச் சேர்த்தன. நெறியாளரின் முயற்சி பாராட்டுக்குரியது."

பழைய சப் எடிட்டர்:

இந்த நான்கு வரியை 1985இல் நடந்த நாடகத்துக்கும் போடலாம், அடுத்த வருஷம் நடக்கப்போவதற்கும் இன்றைக்கே போடலாம். ஏஐயிடம் கேட்டாலும் இதைத்தான் தரும், காசில்லாமல்.

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். ஒரே ஒரு காட்சி.

கொட்டகலைக்காரி:

கொழுந்து எடுத்துவிட்டு அம்மா லயத்து வீட்டுக்கு வருகிற காட்சி. கூடையை இறக்கி வைப்பாள். கூடை வெறுங்கூடை, முன்வரிசைக்கு உள்ளே தெரிந்தது. அது பரவாயில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தொப்பி கழற்றுகிற மாதிரி ஒரு கையால் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். பாரம் இறக்கினவள் அப்படி எடுக்க மாட்டாள், முதலில் முதுகை வளைத்துக் கூடையைத் திட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் கயிற்றை எடுப்பாள், அப்புறம் கழுத்தைத் தேய்ப்பாள். எங்கள் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவைப் பார்த்திருக்கும். அது நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் சோகமான வயலின். டவுன்லோட் பண்ணிய பாட்டு. வயலின் அழுததால் அவள் உடம்பு எதுவும் செய்யத் தேவையில்லாமல் போய்விட்டது.

பழைய சப் எடிட்டர்:

இதைத்தான் போட்டிருக்க வேண்டும். அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல். அந்தக் கடைசி வாக்கியம் எந்தப் பத்திரிகையிலும் முதல் பந்திக்குப் போகும்.

நானுஓயா டீச்சர்:

நில்லுங்கள். அது ஓ.எல் பிள்ளைகள். பாடசாலை விட்ட பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டு, பசியோடு நின்று ஒத்திகை பார்த்த பிள்ளைகள். தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகிறவள் நான், ஹோலுக்கு விளக்கு வாடகைக்கு எடுக்கக் காசில்லாமல் இரண்டு டோர்ச்சைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கொழும்பு லயனல் வென்ட்டில் நடக்கிற நாடகத்துக்கு வைக்கிற அளவுகோலைக் கொண்டுவந்து எங்கள் தலையில் வைப்பது நியாயமா? அந்தப் பிள்ளை இதைப் பேஸ்புக்கில் படித்தால் அடுத்த வருஷம் மேடைப் பக்கமே வராது.

காமன்பொட்டல்:

டீச்சர் கோபிக்க வேண்டாம், எனக்கு அந்தப் பெண் எழுதியது சரியாகத்தான் படுகிறது. காமனில் எங்களுக்குக் கால் தப்பினால் வாத்தியார் அங்கேயே திட்டுவார், சனமும் திட்டும். திட்டு வாங்காமல் ஆட்டம் வராது.

நானுஓயா டீச்சர்:

வாத்தியார் திட்டுவது பொட்டலோடு முடிந்துவிடும். பேஸ்புக்கில் திட்டினால் மாமியார் வீடு வரைக்கும் போகும்.

பழைய சப் எடிட்டர்:

டீச்சரின் கேள்விக்கு என் பதில்: பிள்ளையை எழுதாதீர்கள், நெறியாளரை எழுதுங்கள். கூடையில் இரண்டு செங்கல்லைப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் முதுகு தானாக வளைந்திருக்கும், அதற்கு நடிப்பு வேண்டாம், லயனல் வென்ட் வேண்டாம், காசும் வேண்டாம். வயலினைத் தெரிவு செய்தது பிள்ளை கிடையாது. இப்படி எழுதினால் அடுத்த ஒத்திகையில் யாராவது செங்கல் போடுவார்கள். "பாராட்டுக்குரியது" என்று எழுதினால் அடுத்த வருஷமும் வெறுங்கூடைதான்.

நானுஓயா டீச்சர்:

செங்கல் சரி. ஆனால் பாடசாலை நாடகத்தைப் பற்றி நெறியாளரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதுவதில் தப்பில்லை என்பதில் இருந்து நான் மாற மாட்டேன்.

டொரொன்டோ குளிர்:

காசுப் பேச்சு பாதியில் நிற்கிறது. நான் பார்த்த அளவில் இப்போது கலை எழுத்துக்குக் காசு கொடுப்பது பத்திரிகைகள் இல்லை, கலை நிறுவனங்கள்தான். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் எழுத்து வைக்கிறது. கொழும்புஸ்கோப், யாழ்ப்பாணத் திரைப்பட விழா என்று விழாக்களும் இருக்கின்றன. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருஷமானதைக் குறித்த மலையகம் 200 வந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததோடு சேர்த்து எத்தனை கண்காட்சி, எத்தனை வெளியீடு. அதற்கெல்லாம் நல்ல தமிழில் எழுதவும் மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டும். ஓவியத்தைப் பார்த்து நேர்த்தியான தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள், சிங்களமும் பேச மட்டும் தெரிந்தால் போதாது, சிங்கள நாடகத்தைப் பார்த்து எழுதுகிற அளவுக்கு வேண்டும். பேராதனைத் திறந்தவெளி அரங்குக்கு உங்களுக்கு ஒரு பஸ்தான்.

பழைய சப் எடிட்டர்:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. கண்காட்சிக் கையேட்டுக்குக் காசு வாங்கி எழுதியவர் அதே கண்காட்சிக்கு விமர்சனம் எழுதக்கூடாது. வெளியே யாருக்கும் தெரியாவிட்டாலும் கூடாது. டீச்சர் சொன்ன மொய் அங்கே டொலரில் நடக்கும், வித்தியாசம் அவ்வளவுதான்.

படிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூலகம் என்ற இணையத் தளத்தில் 2005இலிருந்து நம் பத்திரிகை, சஞ்சிகை, மலர் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள், இலவசம். அந்தனி ஜீவா நடத்திய கொழுந்து என்ற மலையக இதழில் தொடங்குங்கள். 1964இல் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றிய இராவணேசன் கூத்து பற்றி எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள், கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள், எதற்காக என்ற கேள்விகள் அங்கேதான் கிடக்கின்றன. காமன் கூத்தை யாராவது கொழும்பு மேடைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக் கொண்டுபோனால் அதே கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டி வரும்.

பதுளை ரீல்ஸ்:

அக்கா, நீங்கள் கூடைக் காட்சியைச் சொன்ன மாதிரியே போனில் பேசி ஒரு நிமிஷம் அனுப்புங்கள், எங்கள் சேனலில் போடுகிறோம். படுத்தாலும் பரவாயில்லை. காசு வந்தால் நான்கு பங்கு.

கொட்டகலைக்காரி:

அனுப்புகிறேன், பங்கை எழுத்தில் தாருங்கள், கணக்குக்காரி நான். வேலையை விடப்போவதில்லை, அது முடிவாகிவிட்டது. மாசியில் காமன்பொட்டல் அண்ணாவின் தோட்டத்துக்கு வரலாமா? எரிக்கிற ராத்திரிக்கு மட்டும் இல்லை, காமன் ஊன்றுகிற நாளிலிருந்து. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், இல்லாவிட்டால் ராத்திரி விடமாட்டார்கள்.

காமன்பொட்டல்:

தாராளமாக வா. அம்மாவுக்கு எங்கள் வீட்டில் படுக்க இடம் இருக்கிறது. ரதி, மதன் கட்டுகிறவர்கள் விரதத்தில் இருப்பார்கள், வாத்தியாரிடம் கேட்காமல் அவர்கள் பக்கத்தில் போகாதே. எழுதினதைப் போடுவதற்கு முன்னால் எங்களுக்கு வாசித்துக் காட்டு.

பழைய சப் எடிட்டர்:

அது மட்டும் கூடாது. பாட்டு வரி, ஆடியவர் பேர், எந்தக் கட்டம் எந்த நாளில் என்ற விபரம் எல்லாவற்றையும் கேட்டுச் சரிபாருங்கள், அது கடமை. உங்கள் தீர்ப்பை முன்கூட்டிக் காட்டினால் அப்புறம் அது அவர்கள் எழுதினதாகிவிடும்.

நானுஓயா டீச்சர்:

வீட்டில் படுக்க இடம் கொடுத்து சோறும் போட்டவரிடம் ஒளித்து வைத்து எழுதுவதா?

பழைய சப் எடிட்டர்:

ஆமாம் டீச்சர். சோற்றுக்கு நன்றி தனியாகச் சொல்லலாம், விமர்சனத்துக்குள் சொல்லக்கூடாது.

காமன்பொட்டல்:

சரி விடுங்கள், சண்டை வேண்டாம். பாட்டு வரியை மட்டும் என்னிடம் கேட்டுச் சரிபார், வாத்தியாருக்கும் அது பிடிக்கும். மிச்சத்தை நீ போட்ட பிறகு நாங்களே வாசித்துக்கொள்கிறோம், எங்கள் டிவிஷனில் மேல் லயத்துத் திட்டில் ஏறினால் சிக்னல் வரும். திட்டுகிறதானால் கமெண்டில் திட்டுகிறோம்.